வீட்டுக்குப் போனால் அணையும் விளக்கு

எங்கள் ஏரிக்கரை ஊர் பலிக்சியில் காற்று அடிக்காத நாளை நான் பார்த்ததில்லை. என் சம்சா அடுப்பின் புகை முழுக்கப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குத்தான் போகும். "அண்ணே, உங்க புகையை நீங்களே தின்னுங்க!" என்று பதினொரு வருடமாகக் கத்துகிறவள் அந்தக் கடைக்காரி புருல்சா. நாற்பத்து மூன்று வயது. கனத்த மணிக்கட்டு, அதைவிடக் கனத்த வாய். ஒரு பெண் சக்கரம் கழற்றுவதை மலைக்கணவாய் தாண்டி நரின் ஊருக்கு ஓடும் டாக்சிக்காரர்கள் ஆரம்பத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாத்தது போதும், ஜாக்கியைப் பிடி" என்பாள். பிடித்தார்கள்.

போன அக்டோபரில் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. கச்கின் என்ற ஓட்டுநரிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று உண்டு. அமெரிக்காவில் யாரோ இடித்து நசுக்கியதை நிமிர்த்தி இங்கே விற்றிருந்தார்கள். அதில், டயரில் காற்றுக் குறைந்தால் எரியும் பிரஷர் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. மூன்று முறை புருல்சாவிடம் காற்றுப் பிடித்தான். மூன்று முறையும் விளக்கோடு திரும்பி வந்தான். எல்லா வண்டிக்கும் பனிக்கால டயர் மாற்றும் பதினைந்து நாள் அது. "இதைச் சரிபண்ணா எங்க முப்பது வண்டியும் உன்கிட்டதான். இல்லேன்னா எதிர்க்கடை" என்று ஓட்டுநர்கள் சொல்லிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. எங்கள் ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் புருல்சாவுக்கு அந்தப் பதினைந்து நாள் வேலைதான் குளிர்காலம் முழுவதற்கும் சோறு.

நான்காம் முறை அவள் காற்றுக்குழாயைத் தொடவில்லை. நாலு வால்விலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

"எரியும்போது எப்படி எரியுது?"

"முதல்ல கொஞ்ச நேரம் சிமிட்டும் அக்கா. அப்புறம் நிலையா எரியும்."

"அணையவே அணையாதா?"

"நரின்ல வீட்டுக்குப் போனா அணைஞ்சிடும். மறுபடி கிளம்பி கொஞ்ச தூரம் வந்ததும் எரியும்."

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் விடவில்லை. "வண்டிக்கும் இவன் பொண்டாட்டிகிட்ட பயம்டா! வீட்டு வாசல்ல வாயை மூடிக்குது!" நானும் அடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தேன். புருல்சா மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுல எங்க நிறுத்துற?"

"கொட்டகைச் சுவரை ஒட்டி."

"கொட்டகைக்குள்ள என்ன கிடக்கு?"

"நிலக்கரி, உருளைக்கிழங்கு... ஸ்டெப்னி."

அவள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஸ்டெப்னி இருக்கவேண்டிய இடத்தில் காஸ் டாங்க் உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் விலைக்குப் பயந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"மடையா! இந்த ரக வண்டியில ஸ்டெப்னிக்குள்ளயும் காத்து அளக்குற சென்சார் இருக்கு. வண்டி அஞ்சு சக்கரத்தைத் தேடுது, நாலுதான் கிடைக்குது. வீட்டுல சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சாவது கேட்குது, அடங்கிடுது. விளக்கு உண்மையைத்தான் சொல்லுது. ஸ்டெப்னி இல்லாம ஆறு பேரை ஏத்திக்கிட்டு நீ கணவாய் ஏறுறதுதான் தப்பு."

மறுநாள் கச்கின் ஸ்டெப்னியைக் கொண்டுவந்தான். அவள் அதைப் பின்சீட்டுக்குப் பின்னால் நிறுத்திப் பட்டையால் இறுக்கினாள். மூட்டைகள் கூரைக்குப் போயின. விளக்கு அணைந்தது. "ஒரு வாரம் பாக்கலாம்" என்றார்கள் ஓட்டுநர்கள்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. உள்ளே ஐந்து பயணிகள், முன்சீட்டில் கச்கினின் மனைவி ஸூரா.

"அக்கா, மறுபடி எரியுது."

ஓட்டுநர்கள் கூட்டம் ஹோவென்று கத்தியது. புருல்சா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஸ்டெப்னி உள்ள இருக்கா?"

"இருக்கு."

"சிமிட்டுச்சா?"

"இல்ல. எடுத்தவுடனே நேரா எரிஞ்சுது."

"சிமிட்டினா சக்கரத்தைக் காணோம்னு அர்த்தம். சிமிட்டாம எரிஞ்சா காத்து இறங்குது. எல்லாரும் இறங்குங்க."

"நாலும் நல்லாத்தானே இருக்கு! தப்பிக்கப் பாக்குறா!" என்றான் கூட்டத்திலேயே பெரிய வாய்க்காரன். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. காற்று மீட்டரை எடுத்தாள். மூன்று சக்கரங்கள் சரியாக இருந்தன. பின்வலது சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்று இல்லை. சக்கரத்தைக் கழற்றித் திருப்பினாள். வெளியே நின்றால் கண்ணுக்கே படாத உட்பக்கத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு டயர் கிழிந்து நூல் தெரிந்தது. இங்கிருந்து அவர்கள் ஏறவேண்டியது நரின் வழியிலுள்ள தொலோன் கணவாய்.

ஸூரா டயரைத் தடவிப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "போன மாசமா இருந்தா இது எரியட்டும்னு பாட்டைச் சத்தமா வச்சிட்டு ஓட்டியிருப்ப. நானும் பக்கத்துல உக்காந்து பாடியிருப்பேன்" என்றாள். கச்கின் தலையைக் குனித்துக்கொண்டான்.

புருல்சா ஸ்டெப்னியை மாட்டி, கடைசி நட்டையும் முறுக்கினாள். பெருமையில் என் கண் கலங்கிவிட்டது. புகையால்தான் என்று நினைத்திருப்பார்கள்.

பெரிய வாய்க்காரன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அக்கா, என் வண்டிக்கு எப்ப டயர் மாத்தலாம்?"

"வரிசையில நில்லு" என்றாள் அவள், நிமிராமலே. திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு முன்னால் ஏற்கெனவே நாலு வண்டிகள் நின்றன.