கருகுன வாடை

பழைய வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும் முன் அடியோடு பெயிண்ட் அடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். துருவை மறைத்தால் வண்டிக்கு வயது குறைந்துவிடும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. என் பிக்கப்புக்குப் பதினாறு வயது. சேரன்மாதேவியிலிருந்து பேட்டை கமிஷன் கடைக்கு வாழைத்தார் சுமந்தே ஓய்ந்த வண்டி. போன எஃப்.சி.க்கு ஆள் வைக்காமல் நானே அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டம் முழுக்கக் கறுப்பு அடித்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அது உட்காரும் இடத்திலும் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு முடுக்கினேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பரிசோதிக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தையை நாலு நாள் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கிறுக்கன்.

அதே வண்டியில்தான் என் மனைவியையும் கூட்டிப்போவேன். அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ், காலை பத்து மணிக்கு அவள் முறை. பேட்டையில் தாரை இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவோம். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்து நெஞ்சை அடைக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் பத்து மணி என்பது எங்களுக்குச் சாமி வாக்கு.

எஃப்.சி. முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், 'டக்.' மூன்றாம் முறை ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. பிறகு பத்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் திரும்பவும் 'டக்.' பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேட்டரியை மாற்றினேன், கோளாறு போகவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் வீல் ஸ்பேனரால், எஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரில் ரெண்டு தட்டுத் தட்டினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆகா, பிடித்துவிட்டோம், கோளாறு செல்ஃப் மோட்டாரில்தான் என்று முடிவு கட்டினேன். நான் ஒரு முடிவு கட்டிவிட்டால் அப்புறம் யார் சொல்லியும் கேட்கமாட்டேன். அது என் பிறவிக் குணம்.

அவள் சொன்னாள். சாவி திருப்பி 'டக்' என்று நின்ற ஒரு நாள், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, வயர் கருகுன வாடை அடிக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷ டீசல் புகையில் என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. அவளுக்கோ நோய் வந்த நாளிலிருந்து எதை மோந்தாலும் குமட்டும். சோறு வடித்தால் ஆகாது, குழாய்த் தண்ணீர் இரும்பாக நாறும், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்காரச் சொல்வாள்.

"ஏட்டி, ஒனக்கு எதுலதான் வாடை இல்ல? சோத்துல வாடை, தண்ணியில வாடை, எம்மேல வாடை. இப்ப வண்டியிலயுமா?"

"இல்லங்க, இது வேற வாடை. நீங்க சாவி திருப்பும்போது மட்டுந்தான் அடிக்கு."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? அதற்குப் பிறகும் ரெண்டு மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வள்ளென்று விழுந்தேன்.

புது செல்ஃப் மோட்டார் போட்ட வாரம், வெள்ளிக்கிழமை. பேட்டைக்கு எட்டரைக்கே வந்துவிட்டோம். கமிஷன் கடை முன்னால் நிறுத்தும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஆஃப் பண்ணாதிய. எறக்கட்டும், இப்படியே ஓடிக்கிட்டு இருக்கட்டும்."

"புது மோட்டாருட்டி. இனிமே ஒரே சாவிதான், பாரு" என்று சொல்லி, வேண்டுமென்றே ஆஃப் செய்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் எனக்கு.

தார் இறக்கி முடித்ததும் சாவியைத் திருப்பினேன். 'டக்.'

அவள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். வாயைத் திறக்கப் போனவளைப் பார்த்து, "வாடை கீடைன்னு ஆரம்பிச்சே, பாத்துக்கோ" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் அடியில் படுத்து, புது மோட்டாரையும் தட்டினேன், வயரை ஆட்டினேன், திட்டினேன். மேலேயிருந்து, "ஒரு ஆட்டோ புடிங்களேன்" என்று மெல்லக் கேட்டாள். "இந்தா ஆயிட்டு" என்றேன். இந்தா இந்தா என்றே பத்தே முக்கால் ஆக்கினேன். கடைசியில் சுமை தூக்குகிற ஆட்கள் தள்ளிவிட, ஸ்டார்ட் ஆனது.

போய்ச் சேர்ந்தபோது அவள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள்மேல் குற்றம் இல்லை, அவருக்கும் அதே உயிர்தான். மறுநாள் காலை முதல் ஆளாக ஏற்றுகிறோம், மூச்சு முட்டினால் உடனே வாருங்கள் என்றார்கள். திரும்பும் வழியிலாவது ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம், சண்டாளன்.

விடியும் முன்னே மூச்சு முட்டியது. என் வண்டியை நான் தொடவே இல்லை, ஆம்புலன்ஸ்தான் வந்தது. சுத்தமல்லி விலக்கைத் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி விட்டுப்போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்று கிளப்பினேன். அப்போதும் 'டக்.' இத்தனை நாள் ரோஷத்தில் நான் தேடிப் போகாமல் இருந்த ஊர் வயரிங்காரரைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. என்னைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டரை வைத்து எஞ்சினையும் சேசிஸையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு அடியில் போய், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியில் என் கறுப்புப் பெயிண்ட், இரண்டு கோட், பளபளவென்று இருந்தது.

"பெயிண்டு மேல முடுக்கியிருக்கியளே அண்ணாச்சி. கரண்டு திரும்பி வர வழி வேண்டாமா? அதான் ஒரு நேரம் தொடுது, ஒரு நேரம் தொடல. நீங்க தட்டுன அதிர்வுலதான் தொட்டிருக்கு."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். பத்து நிமிஷ வேலை. சாவியைத் திருப்பினேன். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. அதைக் கேட்க எனக்குக் காது கூசியது.

அவர் ஆக்ஸிலேட்டர் கேபிளை உருவி எடுத்து என் முன்னால் பிடித்தார். மேலுறை உருகி, கறுத்து, கட்டி கட்டியாக நின்றது.

"எர்த் கெடைக்காம கரண்டு அம்புட்டும் இது வழியா போயிருக்கு. பாத்தியளா, எப்படி வெந்து கெடக்குன்னு. சாவி திருப்புத நேரமெல்லாம் உள்ள வாடை அடிச்சிருக்குமே. ஒருத்தருக்குமா தெரியல?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

அவர் வெளியூருக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பின்ன, அவங்க ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னா."