பசுவின் வாயில் எத்தனை கை?

எங்கள் தொழிலில் வலி நான்கு காலில் நிற்கும், அதைச் சொல்லும் வாய் பக்கத்தில் இரண்டு காலில் நிற்கும். நான் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். அது போதாதென்று பொது சுகாதாரத்திலும் ஒரு பட்டம் வாங்கலாமே என்று இணையவழியில் சேர்ந்துவிட்டேன். ஆசை யாரை விட்டது? ஆய்வுக்காகச் சொந்த மாவட்டத்துக்கே வந்து, ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் பகலெல்லாம் மாடு பார்க்கிறேன். சாயங்காலம் மனிதர்களைப் பற்றிப் படிக்கிறேன். வேலையையும் படிப்பையும் ஒரே தலையில் சுமக்கும் புண்ணியவான்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும். ஆனால் இந்த ஒரு வருடத்தில் நான் வாயடைத்து நின்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து இல்லை.

முட்டு வலிக்கு ஒரு சீட்டு

சனிக்கிழமை வகுப்பு காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை பார்த்துத்தான் மாடுகளுக்கும் வயிறு ஊதும். ஒரு தொழுவத்தில் கைபேசியைக் கோழி அடைக்கும் கொடாப்பில் சாய்த்து வைத்து, காதில் பேராசிரியரும் கையில் மாட்டின் வாலுமாக நின்றேன். சமூகப் பங்கேற்பு என்றால் என்ன என்று அவர் கேட்ட நேரம் பார்த்து மாடு பெரிதாக ஒரு குரல் கொடுத்தது. "யார் அது, சொல்லுங்கள்" என்றார் அவர், வெகு ஆர்வமாக.

மாட்டுக்காரர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன படிப்பு என்று கேட்டார். மிருகத்திடமிருந்து மனுஷனுக்கு வரும் நோய், மனுஷனிடமிருந்து மிருகத்துக்குப் போகும் நோய் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். முழுசும் கேட்டு முடித்துவிட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"அப்போ ரெண்டுக்கும் நீங்கதான் டாக்டரா? எனக்க முட்டு வலிக்கும் அந்தச் சீட்டுலயே ஒண்ணு எழுதிருங்கோ."

எட்டாவது ஆள்

பொது சுகாதாரப் படிப்புக்கு நூறு வீடு ஏறிப் படிவம் நிரப்ப வேண்டும். மயிலாடியில் கல் உளிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வீடு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். எட்டு என்றார் அந்த அம்மா. பெயர் சொல்லச் சொன்னேன். ஏழு பெயர் சரியாக வந்தது. எட்டாவது பெயர் செல்லக்கிளி, வயது ஒன்றரை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அக்கறையாகக் கேட்டேன். செல்லக்கிளி அடுக்களையிலிருந்து தலையை நீட்டி என் படிவத்தை மோந்து பார்த்தது. வெள்ளாடு.

படிவத்தில் ஆட்டுக்கு இடம் இல்லை என்று சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மனித நலமும் மிருக நலமும் ஒன்று என்பதை எனக்கு விளக்க ஒரு பாடப்புத்தகம் நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டது. அவர் அடித்தல் திருத்தல் இல்லாமல் சொன்னார்.

"ஒரே தொட்டி வெள்ளத்தத்தானே எல்லாரும் குடிக்கோம்? பின்ன அத விட்டுட்டு எப்படி எண்ண?"

சக்கை மடல்

சித்திரை மாதம், சக்கை சீசன். பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்றுதான் சொல்வோம். சுளை நமக்கு, மடல் மாட்டுக்கு. அந்த மாதத்தில் எந்த மாடு வாயில் நீர் வடித்து நின்றாலும் தொண்டையில் மடல் சிக்கியிருக்கிறது என்று ஊரே சொல்லும். பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருக்கும். ரோஸ்லின் அக்காவின் செவலைப் பசுவும் அப்படித்தான் நின்றது. முந்தின நாளிலிருந்து தீனி இறங்கவில்லை. நானும் கையுறையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, வெறுங்கையை முழங்கை வரை அதன் வாய்க்குள் விட்டுத் துழாவினேன்.

மடல் இல்லை. கை உள்ளே இருக்கும்போதே பசு கத்தியது. கரகரவென்று, அடித்தொண்டையில், நிறுத்தாமல். குரல் மாறி இப்படிக் கத்துவது எதன் அடையாளம் என்று நான் படித்திருந்தேன். வெறிநோய் கண்ட மாடு தொண்டை அடைத்ததுபோல் நிற்கும், அதன் வாயில் கையை விடாதே என்று முந்தின வாரம்தான் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எழுதிய கைதான் உள்ளே இருந்தது. இரண்டு மாதம் முன்பு விளைத் தோட்டத்துக்குள் ஒரு தெருநாய் வந்து மாட்டின் காலைக் கவ்வியதையும் அப்போதுதான் அக்கா சொன்னார். மாட்டைத் தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு, வேறு யாராவது வாயில் கை வைத்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நானும் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு சூசை அண்ணனும், மூணு பேரும் நேத்தே கைய விட்டுப் பாத்தாச்சு டாக்டரே, ஒண்ணும் கிட்டல்ல."

கொம்பு விவரம்

அக்காவின் விரலில் சக்கை வெட்டிய கத்திக்காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் வராது. இவ்வளவுதான் விஷயம், இதற்குள்தான் மூன்று உயிர். அக்காவையும் வீட்டுக்காரரையும் குழாயடியில் நிற்க வைத்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கை கழுவ வைத்தேன். பிறகு ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு போடும் இடத்தில் எந்த நாய் கடித்தது என்று கேட்டார்கள். நாய் இல்லை, பசு என்றோம். பசு கடித்ததா என்றார்கள். கடிக்கவில்லை, நாங்கள்தான் கையை விட்டோம் என்றார் அக்கா. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் பையில் இருந்த மருந்தகச் சீட்டில் நடந்ததை எழுதி, நோயாளி பெயர் ரோஸ்லின் என்று போட்டு நீட்டினேன். டியூட்டி டாக்டர் படித்தார். அவர் முகம் மாறியது. ஒரு கேள்வி கேட்காமல் ஊசியும், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் எடுத்துவரச் சொன்னார். இருவருக்கும் ஊசி போட்டு முடிந்ததும், இனம், நிறம், கொம்பு என்று அச்சடித்த அந்தச் சீட்டை என்னிடம் திருப்பிக் காட்டினார்.

"எல்லாம் சரி டாக்டர், நோயாளிக்க கொம்பு விவரத்த மட்டும் எழுதாம விட்டுட்டீங்க."

மூன்றாம் நாளே கரை திரும்பிய போட்டு

மூன்றாவது கை கடலில் இருந்தது. சூசை அண்ணன் அன்று விடியற்காலையில்தான் குளச்சலிலிருந்து விசைப்படகில் போயிருந்தார். வர பத்து நாள் ஆகும். போட்டு முதலாளியைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வயர்லெஸ்ஸில் ஒரு போட்டைக் கூப்பிட்டார். அந்தப் போட்டு தூரத்தில் இருந்த இன்னொன்றைக் கூப்பிட்டது, அது இன்னொன்றை. சூசை எங்கே, அவனைக் கரைக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒரே செய்தி கடல் முழுக்கப் போனது. அன்று சாயங்காலம் வகுப்பு இருந்ததே எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பசு செத்துப்போனது. பரிசோதனைக்கு அனுப்பினோம், பிறகு வந்த முடிவும் வெறிநோய் என்றே சொன்னது. பசு செத்த அன்று மத்தியானமே போட்டு வந்தது. பத்து நாளுக்கு ஐஸும் டீசலும் ஏற்றிப் போன போட்டு, ஒருவருக்காக, மற்ற பத்துப் பேரின் பிழைப்பையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு வந்திருந்தது. அவர்களைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. நஷ்டம்தானே அண்ணே என்று போட்டு ஓட்டியவரிடம் கேட்டேன்.

"மீனு எங்க போவப்போவுது? அது கடலுலதான் கெடக்கும். சூசை போயிட்டா கிட்டுவானா?"

வரிசையில் ஒரு கேள்வி

சூசை அண்ணனை நேராக ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டு நிறுத்தினேன். இந்தத் தடவை எந்த நாய் என்று யாரும் கேட்கவில்லை. இனி எந்த நாளில் வர வேண்டும், கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள், இடையில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்புக் காய்ந்த சட்டையோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்புறம் என் வலது கையையே பார்த்தார்.

மாட்டு டாக்டருக்குப் படிப்பவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டிருப்போம். ஆனாலும் இப்படி நேர்ந்தால் அன்றே ஒன்றும் மூன்று நாளில் இன்னொன்றும் போட்டாக வேண்டும். ஆஸ்பத்திரி, வயர்லெஸ், துறைமுகம் என்று ஓடிய ஓட்டத்தில் எனக்கு என் கை ஞாபகத்துக்கே வரவில்லை.

"டாக்டரும் கைய விட்டியன்னு ரோஸ்லின் சொன்னா. ஒங்களுக்கு ஊசி போட்டாச்சா மோளே?"

நாங்கள் நாலு பேரும் சௌக்கியம். இரண்டு படிப்பிலுமாக நான் எழுதிக் குவித்த பதில்களுக்கெல்லாம் மார்க் கிடைத்துவிட்டது, சூசை அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றே நான் பதில் சொன்ன அந்த ஒரு கேள்வியைத் தவிர.