ஊதக்காவுக்குத் தெரியக் கூடாத பெயர்

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும்... இன்னும்... நிறுத்தாதீங்க." மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டே, வரிசையில் காத்திருப்பவர்களுக்குப் பாதி மூச்சு வாங்கிவிடும். ஆஸ்பத்திரியின் மூச்சுப் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ஊதக்கா. குழாயில் ஊதுவது நோயாளிதான். கன்னம் உப்பி, முகம் சிவந்து, நாற்காலி நுனிக்கு வந்துவிடுவது அவள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைப் பகைத்துக்கொண்டு தழும்பாக்கும் நோய் அது. அந்தச் சக்தியை அடக்கும் இரண்டு மருந்துகளில் எது மேல் என்று இரண்டு வருடமாக ஆய்வு நடக்கிறது. யாருக்கு எந்த மருந்து என்று ஊதக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. எந்த ஊதல் சரி என்று கையெழுத்துப் போடுகிறவள் அவள். தெரிந்துவிட்டால் மனம் ஒரு பக்கம் சாயும்; அந்த ஊதலின் அளவு செல்லாது. "இங்க வாய் இருக்கறது ஊதறதுக்கு மட்டும்தான்" என்பாள். யாராவது மாத்திரை, ஊசி என்று ஆரம்பித்தால் மேஜையைத் தட்டி, மழை வருமா என்று கேட்பாள்.

போன மாதம் அவள் தங்கைக்கும் இதே நோய் வந்தது. இரண்டு மருந்தில் எதையும் தொடங்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்று டாக்டர் விட்டுவிட்டார். ஊதக்கா அதை, ஆய்வில் இருக்கும் ஒரு டீச்சரிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

வகுப்பில் பத்துப் பெயர் கூப்பிடுவதற்குள் மூச்சிரைத்துப் போய் ஆய்வில் சேர்ந்தவர் அந்த டீச்சர். அன்று ஒன்றரை லிட்டர்தான் ஊதினார். இன்று அவருக்குக் கடைசிப் பரிசோதனை. மூன்றாவது ஊதலில் திரையில் கோடு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஏறக்குறைய இரண்டு லிட்டர். ஊதக்கா துள்ளி எழுந்துவிட்டாள்.

"அடேயப்பா, பள்ளிக்கூடத்தையே ஊதித் தள்ளிடுவீங்க போலிருக்கே, டீச்சர்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, உங்க தங்கச்சிக்காகச் சொல்றேன். எனக்குக் குடுத்த மருந்து..."

ஊதக்கா ஓரடி முன்னால் வந்துவிட்டாள். ஒரு பெயர். ஒரே ஒரு பெயர். கையெழுத்துப் போடாத தாள் மேஜையில் கிடந்தது.

சட்டென்று டீச்சரின் வாயைப் பொத்தினாள்.

"ஒருத்தர் மூச்சை மட்டும் வச்சு என் தங்கச்சிக்கு மருந்து முடிவு பண்ணக் கூடாது, டீச்சர்."

பொத்திய கையை எடுக்காமல், மறுகையால் அவர் தோளை அணைத்து வாசல்வரை நடத்திப்போய் வெளியே விட்டாள். பிறகு இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தினாள்.