நீலமாகிப் போன வெள்ளைக்குட்டி

அறிவியல் டீச்சர் கரைப்பான்களைப் பற்றி நடத்திய அன்றே நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன். உப்பு தண்ணீரில் கரையும். பெயிண்ட் கரையாது, அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதற்கு மேல் டீச்சர் சொன்னதை நான் கேட்கவில்லை.

வேலித் தகராறில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. அன்று காலையில் மந்தையையும் பிரித்துவிட்டார்கள். எங்கள் ஆடுகளின் முதுகில் சிவப்புப் பொட்டு, பெரியப்பா ஆடுகளுக்கு நீலம். நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளைக்குட்டிக்கு நீலம் விழுந்துவிட்டது. விடிந்தால் அது பெரியப்பா மந்தையோடு கயத்தாறுப் பக்கம் வயல்களில் உரத்துக்குக் கிடை போடக் கிளம்பிவிடும்.

பெயிண்ட் முழுக்கக் காயுமுன், சாயங்காலமே பட்டிக்குள் புகுந்து பொட்டின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். டீச்சர் பொய் சொல்லவில்லை. பெயிண்ட் கரைந்தது. கரைந்தது எங்கே போகும் என்றுதான் விஞ்ஞானி யோசிக்கவில்லை. முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கி, காலுக்குப் போய், என் பாவாடைக்கும் வந்துவிட்டது. குட்டி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

“ஏட்டி, ஆட்டுக்கு யூனிபாரமா மாட்டுத?” என்றார் பெரியப்பா.

அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். “தோலு வெந்துரும். நல்லெண்ணெய் கொண்டாரச் சொல்லுட்டி உங்கப்பன.”

பக்கத்திலேயே நின்ற அப்பா என்னிடம் சொன்னார்: “துணிய மாத்தி மாத்தித் துடைக்கச் சொல்லு உங்க பெரியப்பாவ. ஒரே துணின்னா திரும்ப ஒட்டிக்கிடும்.”

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி. குட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்து எண்ணெயும் சோப்புமாகத் தேய்த்தார்கள். எப்போது என்று தெரியவில்லை, தபால் என்னிடம் வருவது நின்றுபோனது.

“காலை இறுக்கிப் பிடிண்ணே.”

“ஏலே, காதுக்குள்ள போயிராம.”

“குட்டி உங்க வீட்லயே கெடக்கட்டும்லே” என்றார் பெரியப்பா. அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. நீலம் முழுக்கப் போய்க் குட்டி பளிச்சென்று நின்றது. இருவரும் துணியைக் கீழே வைக்காமல், பேசிக்கொண்டே தேய்த்தார்கள். “போதும்ப்பா, எல்லாம் போயிட்டு” என்றேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். வெளுத்த குட்டியைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறார்களே, இரண்டு பேருக்குமா கண் தெரியவில்லை என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.