அவர் கணவரிடம் யாரும் சொல்லவில்லை

நர்ஸிங் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். மைசூரில் நாங்கள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை ஐந்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு, அதைக் கேஸ் ஸ்டடியாக எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓர் அக்காவை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் தமிழ் பேசினார். நான் ஹனூர்க்காரி, வீட்டில்தான் தமிழ், படித்ததெல்லாம் கன்னடம். அவரும் கணவரும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் கொத்தனார், இவர் சித்தாள். இதய வால்வு கெட்டுப்போய், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். இரண்டாம் நாள் அவருக்குத் தலை வாரிவிட்டேன்.

"வலிச்சா சொல்லுங்கக்கா."

"வலியெல்லாம் நெஞ்சுலதான் அம்மிணி. நீ நல்லா இழுத்து வாரு. எனக்கும் ஒரு ஆளு இருக்குதுன்னு இந்த வார்டே பாக்கோணும்."

மூன்றாம் நாள் காலையில் இட்லி வேண்டும் என்றார். கணவர் கேன்டீனுக்குப் போனார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அக்காவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கழுத்து சாய்ந்தது. கத்தினேன். வார்டு சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் ஓடிவந்தார்கள். என்னைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு நெஞ்சை அமுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் மணி பார்த்தார், கேஸ் ஷீட்டில் எழுதினார், வேறு வார்டிலிருந்து அழைப்பு வரவே போய்விட்டார்.

வார்டு சிஸ்டர் என்னையும், நஞ்சன்கூட்டிலிருந்து வந்து என்னோடு படித்த தோழியையும் கூப்பிட்டு, "ரெண்டு பேருமா பாடியை ரெடி பண்ணுங்க. அழக் கூடாது, மத்த பேஷன்ட்டுங்க பயந்துக்குவாங்க" என்றார் கன்னடத்தில்.

பாடி! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இட்லி கேட்ட மனுஷி.

பஞ்சு எடுக்க வெளியே வந்தபோது வார்டு வாசலில் கணவர் நின்றிருந்தார். காவலாளி உள்ளே விடவில்லை.

"ஏன் அம்மிணி, திரை போட்டிருக்குதே, ஊசி போடறாங்களா? இட்லி சூடா இருக்குது. ஆறறதுக்குள்ள குடுத்தா ரெண்டு தின்னுக்குவா."

சாவை நோயாளியின் வீட்டாரிடம் மாணவிகள் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது விதி. "டாக்டர் வருவாருங்கண்ணா" என்றேன். உள்ளே போய் சிஸ்டரிடம், "அவருக்கு யாராவது சொல்லணும் சிஸ்டர்" என்றேன். "டாக்டர் சொல்வார். நீ உன் வேலையைப் பார்."

கண்ணை மூடினோம். மூக்கில் பஞ்சு வைத்தோம். தாடையைக் கட்டினோம். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது தோழி போட்ட முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. இதற்கிடையே துணி எடுக்க, தண்ணீர் எடுக்க என்று இன்னும் இரண்டு முறை வாசலில் நின்ற கணவரைக் கடந்து போனேன். இரண்டு முறையும் அதே பொய்யைச் சொன்னேன். டாக்டர் வரவில்லை.

கடைசியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் வாசலிலிருந்தே, "பாடி எந்தக் கட்டில் சிஸ்டர்?" என்று கேட்டார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். அவ்வளவு கன்னடம் கொத்தனாருக்கும் தெரியும். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமே, அம்மிணி."

மத்தியானம் கல்லூரியில் எங்கள் ஆசிரியையிடம் நோட்டைக் கொண்டுபோனேன். மூன்று நாள் எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. "பேஷன்ட் எக்ஸ்பயர் ஆயிட்டா கேஸ் இன்கம்ப்ளீட். நாளைக்கு வேற பேஷன்ட் எடுத்துக்கோ."

"அவங்களுக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு மேடம். இதுக்கு மேல என்ன முடியணும்?"

ஆசிரியை, "இவ்வளவு இளகின மனசை வெச்சுக்கிட்டு இந்தத் தொழிலுக்கு எதுக்கு வந்தே?" என்றார்.

இளகின மனசு இல்லாதவர்கள் வர வேண்டிய தொழிலா இது? மூக்கில் பஞ்சு எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள், பரீட்சையிலும் கேட்டார்கள். வாசலில் நிற்கிறவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், "பழகிடும்" என்பார்கள்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டலில் தோழி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாள். மெஸ்ஸுக்கு வர மறுத்தாள். விஷயம் கேட்டு மற்றவர்கள் எங்கள் அறைக்கு வந்தார்கள். ஒருத்தி, முதல் சாவைப் பார்த்த அன்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததாகச் சொன்னாள். இன்னொருத்திக்கு அழுகையே வரவில்லையாம். சிரிப்பு வந்ததாம், அதற்காக இன்றுவரை தன்னையே திட்டிக்கொள்கிறாளாம். ஒரே வகுப்பில், ஒரே மாடியில் இருந்துகொண்டு எல்லோரும் இதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

மறுநாள் பதினோரு பேர் பிரின்சிபால் அறைக்குப் போனோம். கேட்டது இரண்டே விஷயம். உடம்பைத் தொடும் முன்னால் வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். சாகும்போது பக்கத்தில் இருந்த மாணவியை அரை மணி நேரமாவது உட்கார விட வேண்டும். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் சில வாரம் கழித்து இன்னொரு கட்டிலில் ஒருவர் இறந்தபோது, வார்டு சிஸ்டரே டாக்டரைக் கையோடு கூட்டிவந்து வீட்டாரிடம் பேச வைத்தார். எங்களால்தான் என்று சொல்ல முடியாது. மாணவிகளை மட்டும் அன்றும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஆசிரியையை எதிர்த்துப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பேசிய தொனிக்கு மன்னிப்புக் கேட்டேன். பேசிய விஷயத்துக்குக் கேட்கவில்லை.

பிறகு காய்ச்சலில் வந்த வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். அந்தக் கேஸ் ஸ்டடிக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். 'முழுமையான பராமரிப்பு' என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.