பலகையிலிருந்து ஒரு சொல்லை இறக்கியவர்

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது சேவியரிடமிருந்து வீடியோ கால் வந்தது. சேவியருக்குக் காது கேட்காது, கைகளால்தான் பேசுவார். “அக்கா” என்றார். பிறகு கண்களை மூடிக் காட்டினார். என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று விசாரித்தார். எங்கள் ஜெசிந்தா மிஸ் போய்விட்டார் என்று அந்த முன்பின் தெரியாதவரிடம்தான் முதலில் சொன்னேன்.

திருச்சியில் ஒரே பள்ளியில் மிஸ்ஸும் நானும் பல ஆண்டுகள் ஆங்கிலம் எடுத்தோம். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். கறாரானவர் என்பீர்கள். அந்தக் கறார் என்ன செய்தது என்று நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

அவருடைய தம்பி சேவியர் பொன்மலைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஸ்ரீரங்கத்தில் உள்ள காது கேளாதோர் சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் பலகையில் ‘டெஃப் அண்ட் டம்ப்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆண்டு விழாவுக்கு நாங்கள் மூவரும் போனபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் அதை உரக்கப் படித்து, “முட்டாள்களுக்கு ஒரு சங்கமாம்டா” என்று சிரித்தார்கள். சேவியர் அவர்கள் சிரிப்பை மட்டும் பார்த்தார். தானும் சிரித்துக்கொண்டே, என்ன ஜோக் என்று அக்காவிடம் கையால் கேட்டார். மிஸ் பேச்சை மாற்றி அவரை உள்ளே கூட்டிப்போனார்.

அடுத்த வாரமே சங்கத் தலைவரிடம் போனார். தலைவருக்குக் காது கேட்கும். பலகை, அவருடைய அப்பா வைத்தது.

“மிஸ், நீங்களே இங்கிலீஷ் டீச்சர். டம்ப்னா பேச முடியாதவர்னுதானே அர்த்தம்?”

“உண்மைதாங்க. பழைய இங்கிலீஷ்ல அவ்வளவுதான். டம்பெல்னு சொல்றோமே, அதுவும் அப்படி வந்ததுதான். கோயில் மணி அடிக்கிற மாதிரி கயிறு இழுத்து உடற்பயிற்சி பண்ண ஒரு கருவி இருந்துது. சத்தம் வராத மணிங்கறதால அந்தப் பேர். முட்டாள்ங்கற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டுது.”

“அப்ப மூல அர்த்தம் நம்ம பக்கம்தானே?”

“மூல அர்த்தத்தை வெச்சுக்கிட்டு என் தம்பி ரோட்டுல நடக்க முடியாதுங்க. இன்னைக்கு அதுக்கு என்ன அர்த்தமோ, அதோடதான் நடக்கணும்.”

தலைவர் அசையவில்லை. மிஸ்ஸும் விடவில்லை. கூட்டம் நடக்கும் போதெல்லாம் போய் உட்கார்ந்தார். எனக்கே அலுத்துவிட்டது. “விடுங்க மிஸ், போர்டுதானே” என்றேன்.

“போர்டுதான். கழட்டிட முடியும்ல? அதான் விடமாட்டேங்கறேன்.”

கடைசியில்தான் அந்த பைக் ஆட்கள் சொன்னதைத் தம்பியிடம் சொன்னார். சேவியர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். அவர் கைகள் சொன்னதை மிஸ் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்: “புது அர்த்தம் மட்டுமில்லைங்க, பழைய அர்த்தமும் தப்பு. நான் பேசாதவனா? கொஞ்சம் வாயை மூடுங்கன்னு என் பெண்டாட்டி தினமும் சண்டை போடறா.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. தலைவரும் சிரித்துவிட்டார். பலகை வேண்டாம் என்று உறுப்பினர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அதைக் கழற்றிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் தலைவர்தான். திரும்பி வரும்போது மிஸ், “முதல் நாளே இவனைக் கேட்டிருக்கணும். இவனுக்காக நான் பேசினது போதும்” என்றார்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் உறவினர் ஒருவர், வந்தவர்களிடம் சேவியரைக் காட்டி, “இதுதான் அவங்களோட ஊமைத் தம்பி, பாவம்” என்றார். துக்க வீட்டில் பெரியவர்களை மறித்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று மறித்தேன்.

“அவர் பேர் சேவியருங்க. லேத் ஆபரேட்டர். நீங்க அவரோடயே பேசலாம், நான் சொல்றேன்.”

அவர் திகைத்தார். பிறகு சேவியரின் பக்கம் திரும்பி, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றார். நான் அதைக் கையால் சொன்னேன். சேவியர் தலையாட்டிவிட்டு, அக்காவைப் பற்றி அவரிடம் பேசத் தொடங்கினார்.

ஜெசிந்தா மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, தவறான சொல்லை அங்கேயே மறிக்கும் அந்தக் குறுக்கீடு. அதை விடப்போவதில்லை.