நான் காட்டிய தப்பான இடம்

தொழிற்சாலையை மூடி என் கணவரை வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் இங்கேயும் அங்கேயும் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். கரமனையிலிருந்து பஸ் பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போவார், வெறும் பையோடு திரும்பி வருவார். கேட்டால், "ஒண்ணும் நன்னா இல்லை" என்பார். அத்தனை பெரிய சந்தையில் ஒரு கத்தரிக்காய்கூடவா நன்றாக இல்லை என்று எனக்கு வாய் வரை வரும். மற்ற நேரமெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் கல்லூரி நூலகத்தில் வேலை முடித்து வந்து, சமைத்து, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, சவரம் செய்துகொள்ளச் சொல்லி நச்சரித்து, இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து அந்தத் தபால் வந்தது. கம்பெனி நன்றாக நடந்த காலத்தில் அவரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் அவருக்கு 'கோ' என்கிற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, ஊர் திரும்பும்போது பலகையும் கற்களும் கொடுத்தனுப்பினார். கட்டம் போட்ட பலகை. கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைப்பார்கள். யார் அதிக இடத்தை வளைத்துக்கொள்கிறாரோ அவருக்கு வெற்றி. எனக்கும் சொல்லித் தந்தார். எனக்கு விதி தெரியும், ஆடத் தெரியாது.

உறையில் இருந்தவை பத்திரிகைத் துண்டுகள். பல நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதும் பெரிய போட்டி அது. அதன் இறுதி ஆட்டத்தை அங்கே ஒரு பத்திரிகை தொடர்கதை மாதிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருக்கிறது. நண்பர் அதையெல்லாம் வெட்டி, எண் போட்டு, தனித்தனியாக மடித்து, முடிவைச் சொல்லாமல் அனுப்பியிருந்தார். கறுப்புக் கல் ஒரு கொரிய இளைஞருக்கு. வெள்ளைக் கல் ஐம்பதை எட்டிய ஒரு ஜப்பானியருக்கு. இனி இவர் அவ்வளவுதான் என்று ஊரே ஒதுக்கிவைத்த மனிதராம்.

"இந்த வயசிலே ஃபைனல்லே வந்து உக்காந்திருக்கார், பாத்தியா?" என்றார் என் கணவர். அன்று நான் சொல்லாமலே சவரம் செய்துகொண்டார்.

ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் என்று அவரே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். நான் வேலையிலிருந்து வந்து காப்பி குடித்ததும் பலகையை எடுத்து வைப்பார். புதுத் துண்டைப் பிரிக்கும் முன்னால், அதில் முதல் கல் எங்கே விழும் என்று இருவரும் விரலால் காட்ட வேண்டும். அவர் காட்டுவது சில நாள் சரியாக இருக்கும். என்னுடையது ஒருநாளும் இல்லை. "அங்கே போய் என்ன பண்ணப்போறாய்? கோலம் போடறயா?" என்று கேலி செய்வார். அந்தக் கேலியைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த ஜப்பானியப் பெரியவர் கொஞ்சம் முன்னால் இருக்கிறார் என்று காலையில் பல் தேய்க்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெரியவர் தோற்றுவிட்டால்? இவர் மறுபடியும் போய்ப் படுத்துவிட்டால்? நான் எதையும் பொறுத்திருந்து பார்க்கத் தெரியாதவள். கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். நூலகத்தில் அப்போதுதான் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்திருந்தார்கள். மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து, போட்டியின் பெயரைத் தட்டிவிட்டேன்.

பெரியவர் தோற்றிருந்தார். அதுவும் அரைப் புள்ளியில். அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் அந்த ஆட்டத்தில் தோற்கவே முடியாது. பலகையின் படம் போட்டு யாரோ ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்தார்கள். வலது ஓரத்தில், கீழே, ஒரு வெள்ளைக் கல்லுக்கு மட்டும் தனியாக அடையாளம் இட்டிருந்தது. கையிலிருந்த வெற்றியை இந்த ஒரு தப்பான கல்லால் விட்டார், இவர் தரத்து ஆட்டக்காரர் வைக்கிற இடமே இல்லை இது என்று எழுதியிருந்தது. அந்த இடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் எனக்குக் காப்பி கலந்து வைத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் அவர் எதிரில் உட்கார்ந்து, பெரியவர் நன்றாக வைத்த ஒவ்வொரு கல்லுக்கும் சேர்ந்து தலையாட்டினேன். "இவராக்கும் ஜெயிக்கப்போறார்" என்பார். "பின்னே?" என்பேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கும். உண்மையைச் சொன்னால் மிச்சமிருக்கிற சாயங்காலங்கள் போய்விடும். சொல்லாத ஒவ்வொரு நாளும் அவரை ஏமாற்றுகிறேன். இரண்டுமே நானாகத் தேடிக்கொண்டது. தெரியாத்தனமாகச் சரியான இடத்தைக் காட்டிவிடுவேனோ என்கிற பயம் வேறு. அதனால் தப்பான இடமாகத் தேடித் தேடிக் காட்டினேன்.

இன்னும் சில துண்டுகளே பாக்கி இருந்த ஒரு நாள், அடுத்த கல் வெள்ளையுடையது. அவர் பலகையின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கேதான். இதுக்கு யோசிக்கவே வேண்டாம்" என்றார். "நீ எங்கே?"

வழக்கம்போல் ஒரு தப்பான இடம் தேடினேன். தப்பு என்றதும் மனதில் முதலில் வந்த இடத்துக்கு விரல் போய்விட்டது. வலது ஓரம், கீழே.

"அங்கேயா? அங்கே வெச்சா ஆட்டமே போச்சு" என்று சிரித்துக்கொண்டே துண்டைப் பிரித்தார். சிரிப்பு நின்றது. காகிதத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், இன்னும் எடுக்காமல் இருந்த என் விரலைப் பார்த்தார். நன்றாக ஆடுகிறவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத இடம். ஆடவே தெரியாத நான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

என் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு அங்கே வெள்ளைக் கல்லை வைத்தார். "எவ்வளவிலே தோத்தார்?" என்றார்.

"அரை."

"எங்கே பாத்தாய்?"

"லைப்ரரி கம்ப்யூட்டர்லே. போன வாரம். தப்புதான், மன்னிச்சுடுங்கோ. ஒரு நாளும் நான் பொறுமையா இருந்ததில்லை."

"பாத்தது சாரமில்லை" என்றார். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதற்கு இங்கே மலையாளத்தில் சொல்வதை அவர் அப்படியே சொல்வார். பிரித்த துண்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "உனக்கு இந்த ஆட்டத்து மேலே அத்தனை ஆசை கிடையாது. எனக்காகப் போய்ப் பாத்திருக்காய். அவர் தோத்தா நான் என்ன ஆயிடுவேன்னு நெனச்சாய்?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகப் போய் விசாரிக்கிற மாதிரிதான் நான் செய்திருந்தேன். அது அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அவர் பாக்கித் துண்டுகள் எல்லாவற்றையும் பிரித்து, ஒரே மூச்சில் கடைசிக் கல் வரை வைத்து, எண்ணிப் பார்த்து, கற்களை அள்ளிப் போட்டார்.

மறுநாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பைச் சொருகியபடி சமையலறை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். "நீ கிளம்பு, பஸ் போயிடும்."